பிளாஸ்டிக், காம்போசிட் வலிமைச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினியரிங் மாணவர்கள் புராஜெக்ட் நேரத்திலும், மோல்டிங் பட்டறை நடத்துபவர்கள் வாடிக்கையாளர் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காம்போசிட் என்றால் கண்ணாடி, கார்பன் போன்ற இழைகளை ரெசினில் (பிசினில்) பதித்துச் செய்யும் பொருள். உலோகச் சோதனையைப் படித்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இதில் குழப்பம் அதிகம். இரும்பில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய வேகம், ஈரப்பதம், இழையின் திசை எல்லாம் இங்கே விடையையே மாற்றிவிடும்.

டேட்டா ஷீட்டிலேயே இழுவலிமை போட்டிருக்கிறார்களே, நான் எதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்?

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எந்தத் துண்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு முனையில் மட்டும் கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) வைத்து, சோதனைக்கென்றே மோல்டு செய்த 4 மி.மீ. கனத் துண்டு அது. உருகிய பிளாஸ்டிக் நேராகப் பாய்வதால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகளில் பெரும்பாலானவை நீளவாக்கில் படுத்துவிடும். நாம் இழுப்பதும் அதே திசையில்தான். உங்கள் பாகத்தில் துளை இருக்கும், மூலை இருக்கும், இரண்டு பாய்ச்சல்கள் சந்திக்கிற வெல்டு லைன் இருக்கும். 30% கண்ணாடி இழை கலந்த நைலானில் வெல்டு லைன் உள்ள இடத்தில் வலிமை பாதி அளவுக்கு இறங்குவது சகஜம்.

இரண்டு கிரேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க டேட்டா ஷீட் போதும். பாகத்தின் கனத்தை முடிவு செய்ய அது போதாது. பெரும்பாலான டேட்டா ஷீட்டுகளின் அடியில் சிறிய எழுத்தில் இதையே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இழுவிசைச் சோதனையில் உண்மையில் என்ன அளக்கப்படுகிறது?

விசை, நீட்சி, அகலம், கனம். இவ்வளவுதான். தகைவு (பரப்பால் வகுத்த விசை), திரிபு (நீளத்தால் வகுத்த நீட்சி), யங் குணகம் (பொருளின் விறைப்பு) எல்லாம் இவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. அதனால் மைக்ரோமீட்டரில் செய்கிற பிழை அப்படியே விடையில் ஏறும். 4 மி.மீ. கனத்தில் 0.1 மி.மீ. தப்பினால் வலிமையில் 2.5% தப்பு. மோல்டு செய்த துண்டின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருக்கலாம் என்பதால் ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். "எல்லாம் ஒரே மோல்டுதானே" என்று ஒரே எண்ணை ஐந்து துண்டுக்கும் போடுவது பரவலாக நடக்கிறது.

எங்கள் கல்லூரியில் 40 டன் யூடிஎம் (இழுத்தும் அமுக்கியும் சோதிக்கும் இயந்திரம்) இருக்கிறது. அதிலேயே செய்யலாமா?

கம்பி இழுப்பதற்காக வாங்கிய இயந்திரம் அது. 10 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் துண்டின் குறுக்குப்பரப்பு 40 சதுர மி.மீ.; 60 மெகாபாஸ்கலில் முறிகிறது என்றால் மொத்த விசையே 2,400 நியூட்டன். 40 டன் என்பது ஏறக்குறைய 4 லட்சம் நியூட்டன். இயந்திரத்தின் அளவில் 0.6 சதவீதத்திலேயே சோதனை முடிந்துவிடுகிறது. யங் குணகம் கணக்கிடும் பகுதியில் நிலைமை இன்னும் மோசம்: 3 கிகாபாஸ்கல் உள்ள பிளாஸ்டிக்குக்கு அங்கே விசை 60 நியூட்டனிலிருந்து 300 நியூட்டன் வரைதான். விசையை அளக்கும் அந்த லோடு செல்லுக்கு இது இரைச்சலோடு கலந்துபோகிற அளவு.

பிளாஸ்டிக்குக்கு 5 அல்லது 10 கிலோநியூட்டன் லோடு செல் பொருத்தம். கார்பன் ஃபைபர் காம்போசிட் வேறு கதை. 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனமுள்ள சின்னப் பட்டை 2,000 மெகாபாஸ்கலில் முறிந்தால் 30 கிலோநியூட்டன் ஆகிறது. அதற்கு 50 அல்லது 100 கிலோநியூட்டன் இயந்திரம் வேண்டும். இந்த மாதிரி இயந்திரங்களைச் செய்யும் இன்ஸ்ட்ரான் நிறுவனமே 1946-ல், போர்க்காலத்தில் பாராசூட் துணிகளைச் சோதிக்க அமெரிக்காவின் எம்ஐடியில் எழுந்த தேவையிலிருந்து பிறந்தது. மென்மையான பொருளுக்கு நுணுக்கமான விசை அளவீடு வேண்டும் என்ற பிரச்சினை அவ்வளவு பழையது.

ஐஎஸ்ஓ 527 பின்பற்றுவதா, ஏஎஸ்டிஎம் டி638 பின்பற்றுவதா?

வாடிக்கையாளர் கேட்பதை. இரண்டுமே பிளாஸ்டிக் இழுவிசைச் சோதனைக்கான தரங்கள்; முதலாவது சர்வதேசத் தரம், இரண்டாவது அமெரிக்கத் தரம். ஐஎஸ்ஓ துண்டு 170 மி.மீ. நீளம், 4 மி.மீ. கனம், ஏஎஸ்டிஎம் முதல் வகைத் துண்டு 165 மி.மீ. நீளம், வழக்கமாக 3.2 மி.மீ. கனம். யங் குணகத்தை எடுக்கும் முறையும் வேறு. ஐஎஸ்ஓவில் 0.05% திரிபுக்கும் 0.25% திரிபுக்கும் இடையிலான சாய்வை எடுக்க வேண்டும்; ஏஎஸ்டிஎம் தொடக்க நேர்கோட்டின் சாய்வைக் கேட்கிறது. இரண்டு முறைகளில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து "இது அதைவிட 4% நல்லது" என்று எழுதாதீர்கள். இந்தியத் தரமான ஐஎஸ் 13360 பெரும்பாலும் ஐஎஸ்ஓவை ஒட்டியே போகிறது.

வலிமை சரியாக வருகிறது. யங் குணகம் மட்டும் புத்தக மதிப்பைவிட எப்போதும் குறைவு. ஏன்?

நீட்சியை கிராஸ்ஹெட் (துண்டை இழுத்து நகரும் குறுக்குக் கட்டை) நகர்ந்த தூரத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு விடை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

கிராஸ்ஹெட் நகரும்போது துண்டு மட்டும் நீள்வதில்லை. துண்டைப் பிடித்திருக்கும் கிரிப் நெகிழும், பின் இணைப்புகள் இறுகும், லோடு செல் வளையும், சட்டமும் கொஞ்சம் கொடுக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரமும் கிரிப்பும் சேர்ந்து ஒரு மி.மீ. நகர 10,000 நியூட்டன் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கிகாபாஸ்கல் பிளாஸ்டிக், 40 சதுர மி.மீ. பரப்பு, கிரிப்புகளுக்கு இடையே 115 மி.மீ. என்றால் துண்டின் விறைப்பு மி.மீ.க்கு சுமார் 1,040 நியூட்டன். இரண்டும் தொடராக நிற்பதால் நமக்குத் தெரிவது 3-க்குப் பதில் சுமார் 2.7 கிகாபாஸ்கல். பிழை 10%. "ஏதோ பேட்ச் வித்தியாசம்" என்று விட்டுவிடுவோம்.

அதே இயந்திரத்தில் 135 கிகாபாஸ்கல் உள்ள ஒருதிசைக் கார்பன் பட்டையைப் போடுங்கள்: 15 சதுர மி.மீ. பரப்பு, 150 மி.மீ. நீளம். அதன் விறைப்பு மி.மீ.க்கு 13,500 நியூட்டன். இப்போது துண்டைவிட இயந்திரம்தான் அதிகமாக நீள்கிறது. கிடைக்கும் விடை 57 கிகாபாஸ்கல். ரெசின் சரியில்லை, இழை தரமில்லை என்று பழி எங்கெங்கோ போகும். கோளாறு அளவீட்டில் இருக்கும்.

தீர்வு ஒன்றுதான். துண்டின் மேலேயே நீட்சியை அளக்க வேண்டும். துண்டைக் கவ்விப் பிடிக்கும் எக்ஸ்டென்சோமீட்டர், துண்டில் ஒட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ், அல்லது கேமராவால் படமெடுத்துக் கணிக்கும் முறை, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். 75 மி.மீ. அளவு நீளத்தில் (நீட்சியை அளக்கும் பகுதியில்) 0.05 முதல் 0.25% என்பது 0.0375 மி.மீ.யிலிருந்து 0.1875 மி.மீ. வரை. இந்த 0.15 மி.மீ.க்குள்தான் யங் குணகம் முழுவதும் இருக்கிறது. எக்ஸ்டென்சோமீட்டரின் கத்திமுனை வழுக்கினால் வளைவு தொடக்கத்திலேயே படிபடியாகத் தெரியும்; அந்தத் துண்டை யங் குணகக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

எந்த வேகத்தில் இழுப்பது?

யங் குணகத்துக்கு நிமிடத்துக்கு 1 மி.மீ. அதன்பின் பொருளைப் பொறுத்து 5 அல்லது 50 மி.மீ. யங் குணகத்தை எடுத்து முடித்ததும் விசையை இறக்கிவிட்டு அதே துண்டில் அடுத்த வேகத்தைத் தொடங்கலாம். வேகம் கூடினால் பிளாஸ்டிக் வலிமையாகவும் விறைப்பாகவும் தெரியும், நீளுவது குறையும். மூலக்கூறுச் சங்கிலிகள் நகர்ந்து இடம் மாற நேரம் கிடைக்காததே காரணம். பாலிப்ரோப்பிலீனில் இது நன்றாகவே தெரியும். ஆகவே வேகம் குறிப்பிடாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

நைலான் ஒரு நாள் ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி விடை தருகிறது. இயந்திரம் கெட்டுவிட்டதா?

இயந்திரம் நன்றாகத்தான் இருக்கும். நைலான் தண்ணீர் குடிக்கிறது. நைலான் 6, 23 டிகிரி செல்சியஸில் 50% ஈரப்பதமுள்ள காற்றில் நாள்பட இருந்தால் எடையில் 2.5 முதல் 3% வரை தண்ணீர் எடுத்துக்கொள்ளும். தண்ணீரிலேயே ஊறினால் 9 சதவீதத்தையும் தாண்டும். மோல்டிலிருந்து வந்த உடனே, உலர்ந்த நிலையில் 3 கிகாபாஸ்கல் காட்டும் இழை கலக்காத நைலான், ஈரம் ஏறியதும் 1 கிகாபாஸ்கல் பக்கம் வந்துவிடும். விறைப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மாறாக, தாக்குவலிமை (திடீர் அடியைத் தாங்கும் திறன்) கூடும். நைலான் கியரோ கேபிள் டையோ உலர்ந்திருக்கும்போது சட்டென்று முறிந்து, கொஞ்ச நாள் கழித்து நன்றாக வளைந்துகொடுப்பது இதனால்தான்.

சென்னை மாதிரி ஊரில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் மேசைமேல் வைத்த நைலான் துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டே நல்ல வழிகள் உண்டு. மோல்டு செய்தவுடன் ஈரம் புகாத பையில் அடைத்து, திறந்ததும் சோதித்து, "உலர்நிலை" என்று எழுதலாம். இல்லையென்றால் ஐஎஸ்ஓ 1110 சொல்கிறபடி 70 டிகிரியில் 62% ஈரப்பதத்தில் வைத்து, எடை நிலைத்த பின் சோதிக்கலாம். சாதாரண அறை நிலையில் வைத்துக் காத்திருந்தால் 4 மி.மீ. துண்டு சமநிலைக்கு வர மாதக்கணக்காகும்.

மற்ற பிளாஸ்டிக்குகளுக்கு 23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் ஐஎஸ்ஓ 291-ன்படி குறைந்தது 88 மணி நேரம். பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீனுக்கு ஈரம் ஒரு பொருட்டே அல்ல, வெப்பநிலை மட்டும் முக்கியம்.

வளைவுச் சோதனை எளிதாக இருக்கிறதே, அதை மட்டும் செய்தால் போதாதா?

எளிதுதான். 80 × 10 × 4 மி.மீ. துண்டு, தாங்கிகளுக்கு இடையே 64 மி.மீ., நிமிடத்துக்கு 2 மி.மீ., கிரிப் தொல்லை இல்லை. தரக்கட்டுப்பாட்டுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் வளைவு வலிமையை இழுவலிமைக்குப் பதிலாகப் போடக் கூடாது. வளைக்கும்போது உச்சத் தகைவு அடிப்பரப்பில் ஒரு சிறு பகுதியில்தான் வருகிறது. அங்கே குறை இருக்கும் வாய்ப்பும் குறைவு, ஆகவே எண் பெரும்பாலும் கூடுதலாக வரும். கனத்தை அளப்பதில் இங்கே இன்னும் கவனம் தேவை. விறைப்பு கனத்தின் மும்மடியில் மாறுவதால், முன்னே சொன்ன 2.5% பிழை இங்கே 7.5% ஆகிவிடும். நன்றாக வளைகிற பிளாஸ்டிக் முறியவே முறியாது. வளைவுச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 178-ல் 3.5% திரிபிலுள்ள தகைவை எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

ஐசாட் மதிப்பை சார்பி மதிப்பாக மாற்ற சூத்திரம் உண்டா?

இல்லை. இரண்டும் தாக்குவலிமையை அளப்பவைதான், ஆனால் ஐசாட்டில் துண்டை ஒரு முனையில் பிடித்து நிறுத்தி அடிக்கிறோம், சார்பியில் இரு முனையும் தாங்கியிருக்க நடுவில் அடிக்கிறோம். அலகும் குழப்பும்: ஏஎஸ்டிஎம் ஐசாட் கனத்தால் வகுத்து "ஜூல்/மீட்டர்" தரும், ஐஎஸ்ஓ பரப்பால் வகுத்து "கிலோஜூல்/சதுர மீட்டர்" தரும்.

கனத்தால் வகுத்துவிட்டால் கனத்தின் பாதிப்பு போய்விடும் என்று நினைப்பதும் தவறு. பாலிகார்பனேட்டே சாட்சி. 3 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 600 ஜூலுக்கு மேல் தாங்கி, கிழிந்து தொங்கும். அதே கிரேடு, அதே வெட்டு (முறிவைத் தொடங்க துண்டில் போடும் பள்ளம்), 6 மி.மீ. கனம் என்றால் 200-க்கும் கீழே இறங்கி, கண்ணாடி போலச் சுத்தமாக இரண்டாகும். வெட்டுமுனையின் ஆரம் 0.25 மி.மீ. இருக்க வேண்டும்; பிளேடு மழுங்கினால் எண் ஏறும். வெட்டும் பிளேடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஆய்வகத்தைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

ஷோர் கடினத்தன்மையிலிருந்து (ஊசியை அழுத்தி அளப்பது) வலிமையைக் கணக்கிடலாமா?

கடினத்தன்மையிலிருந்து வலிமையை மதிப்பிடுவது இரும்பில் ஓரளவு முடியும். பிளாஸ்டிக்கில் முடியாது. கிளாஸ் ஃபைபர் வேலையில் பார்கோல் கடினத்தன்மைக் கருவி ரெசின் சரியாகக் கெட்டிப்பட்டதா என்று பார்க்க உதவும், அவ்வளவே.

காம்போசிட்டை ஏன் டாக் போன் (நடுவில் ஒடுங்கிய) வடிவத்தில் வெட்டக் கூடாது?

ஒருதிசை இழை லேமினேட்டை (அடுக்கடுக்காக ஒட்டிய தகட்டை) அப்படி வெட்டினால், அகலம் குறையும் இடத்தில் பல இழைகள் அறுந்துபோகும். இழுத்தவுடன் அந்த இடத்திலிருந்து இழையோடு சேர்ந்து நேராகப் பிளந்து, துண்டு ஒரு நேர்ப்பட்டையாக மாறிவிடும். அதனால் காம்போசிட் இழுவிசைக்கான ஏஎஸ்டிஎம் டி3039 நேரான பட்டையையே கேட்கிறது. இழைத் திசையில் 250 × 15 × 1 மி.மீ., குறுக்குத் திசையில் 175 × 25 × 2 மி.மீ. முனைகளில் கிளாஸ் எபாக்சி டேப் (சிறு தகட்டுத் துண்டு) ஒட்டி, கிரிப்பின் பற்கள் இழையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டு திசைகளையும் சோதிப்பது ஏன் என்று கேட்டால், வித்தியாசம் அப்படி. கார்பன் எபாக்சி பட்டை நீளவாக்கில் 1,500 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். குறுக்கே 50 மெகாபாஸ்கல் பக்கத்திலேயே விட்டுவிடும். கையாளும்போதே உடைகிற துண்டுகள் உண்டு.

கிரிப்புக்குள்ளேயே முறிந்துவிட்டது. அந்த எண்ணைச் சேர்க்கலாமா?

டி3039 முறிவுக்கு மூன்றெழுத்துக் குறி தருகிறது: எப்படி முறிந்தது, எந்தப் பகுதியில், எந்த இடத்தில். "எல்ஜிஎம்" என்றால் அளவுப் பகுதியின் நடுவில் குறுக்காக முறிந்தது. "எக்ஸ்ஜிஎம்" என்றால் நடுவில் வெடித்துத் துடைப்பமாகச் சிதறியது. நல்ல ஒருதிசைப் பட்டை இப்படித்தான் போகும். கிரிப்பிலோ டேபிலோ முறிந்தவை ஒன்றிரண்டு என்றால் நீக்கிவிட்டுப் புதிய துண்டு போடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது என்றால் டேப் ஒட்டிய பசை, கிரிப் அழுத்தம், துண்டு நேராக நிற்கிறதா என்ற மூன்றையும் சரிபார்த்து மறுபடி செய்வதுதான் நியாயம். யங் குணகம் மட்டும் பாதிக்கப்படாது. அது முறிவுக்கு வெகு முன்பே அளந்து முடிந்துவிட்டது.

அமுக்கச் சோதனையை எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறார்கள்?

காரணத்தோடுதான். இழுக்கும்போது கோணலான துண்டும் தானே நேராகும். அமுக்கும்போது சிறு கோணல் பெரிதாகும். இழைகள் ரெசினுக்குள் நுண்ணிய அளவில் மடங்கி, கூட்டமாகச் சாயும். துண்டு மொத்தமாக வளைந்துவிட்டால் நாம் அளந்தது அமுக்க வலிமையே அல்ல.

இப்போது பரவலாக இருப்பது ஏஎஸ்டிஎம் டி6641 முறை. 140 மி.மீ. துண்டை நான்கு உலோகக் கட்டைகளுக்கு நடுவே பிடித்து, நடுவில் 13 மி.மீ. மட்டும் திறந்துவிட்டு, முனையிலும் பக்கத்திலும் சேர்த்து விசை கொடுக்கிறோம். இரு பக்கமும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, இரண்டு திரிபுகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து வளைவின் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். அது 10-ஐத் தாண்டினால் துண்டு சாய்ந்துவிட்டது. செலவை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் கேஜ் ஒட்டுகிறவர்களுக்கு இந்தச் சாய்வு தெரியவே தெரியாது. முனைகள் இணையாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும் என்பதால் செலவில் பெரும்பங்கு துண்டை வெட்டித் தேய்ப்பதிலேயே போய்விடும்.

வெட்டுத் தகைவுக்கு (பொருளைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்யும் தகைவு) எந்த முறை?

தளத்துக்குள் வரும் வெட்டுக்கு ±45 டிகிரி லேமினேட்டை இழுக்கும் ஏஎஸ்டிஎம் டி3518 மலிவானது. 5% வெட்டுத் திரிபோடு நிறுத்த வேண்டும். வி வடிவப் பள்ளம் போட்ட துண்டு, ருமேனியரான யோசிபெஸ்குவின் முறை, துல்லியமானது, செலவும் அதிகம். அடுக்குகளுக்கு இடையேயான பிடிப்பைப் பார்க்க, குட்டையான துண்டை வளைக்கும் குட்டை உத்தரச் சோதனை பத்து நிமிட வேலை. பேட்ச்சுக்கு பேட்ச் ஒப்பிட அருமையானது. வடிவமைப்பு எண்ணாக அதை எடுக்காதீர்கள்.

இழையின் பங்கை ஏன் ரிப்போர்ட்டில் கேட்கிறார்கள்?

இழைத் திசை விறைப்பு கிட்டத்தட்ட முழுவதும் இழையின் பங்கால் வருகிறது. 72 கிகாபாஸ்கல் கண்ணாடி இழை கன அளவில் 60%, 3 கிகாபாஸ்கல் எபாக்சி 40% என்றால் லேமினேட் சுமார் 44 கிகாபாஸ்கல். இழை 50% ஆனால் 37 அல்லது 38. ரெசினைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாலே இந்த இறக்கம் வந்துவிடும். பங்கைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு லேமினேட்டுகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கண்ணாடி இழை என்றால் உலையில் 565 டிகிரியில் ரெசினை எரித்துவிட்டு மிச்சத்தை எடைபோடலாம். கார்பனை அப்படிக் காற்றில் எரித்தால் இழையும் சேர்ந்து எரியும். அமிலத்தில் ரெசினைக் கரைக்கும் முறைக்குப் போக வேண்டும். அதே எடைகளோடு அடர்த்தியையும் சேர்த்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்களின் அளவும் கிடைக்கும். ஆட்டோகிளேவில் (அழுத்தத்தோடு சூடாக்கும் கலனில்) செய்தவற்றில் 1 சதவீதத்துக்குக் கீழே எதிர்பார்க்கிறார்கள். கையால் பூசியதில் சில சதவீதம் இருக்கும், அடுக்குப் பிடிப்பை முதலில் கெடுப்பது அதுதான்.

எத்தனை துண்டு சோதிக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து. ஆனால் அந்தச் சராசரியை வைத்து விமானப் பாகம் வடிவமைக்க முடியாது. அங்கே பி-பேசிஸ் கேட்பார்கள்: பொருளில் 90% இந்த எண்ணுக்கு மேலே இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மதிப்பு. சராசரி 1,500 மெகாபாஸ்கல், திட்ட விலக்கம் 75 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து துண்டு மட்டும் என்றால் விலக்கத்தில் 3.41 மடங்கைக் கழிக்க வேண்டும், 1,244 கிடைக்கும். முப்பது துண்டு என்றால் 1.78 மடங்குதான், 1,366. பொருள் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது, அதற்கே 120 மெகாபாஸ்கல். போயிங் 787-ன் எடையில் பாதி காம்போசிட் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படி எண்ணற்ற சின்னப் பட்டைகள் முறிந்திருக்கின்றன.

ஐந்து நிமிடச் சோதனையை வைத்து பைப் 50 வருடம் உழைக்கும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஐந்து நிமிடச் சோதனையை வைத்துச் சொல்வதில்லை. நிலையான பாரத்தில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். குழாய்களுக்கான பிஇ100 பாலிஎத்திலீன் இழுவிசைச் சோதனையில் 20 மெகாபாஸ்கலுக்கு மேல் காட்டினாலும், 20 டிகிரியில் 50 ஆண்டுக்கு அதற்குத் தரப்படும் மதிப்பு 10 மெகாபாஸ்கல்தான். 10 மெகாபாஸ்கல் என்பது 100 பார்; பெயரில் உள்ள 100 அங்கிருந்து வந்தது. குழாய்களுக்குள் தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து, பல வெப்பநிலைகளில், 9,000 மணி நேரத்துக்கு மேல் வரை சோதித்து, ஐஎஸ்ஓ 9080 முறையில் கோட்டை நீட்டிக் கணிக்கிறார்கள். குடிநீருக்கு அதையும் 1.25 ஆல் வகுத்து 8 மெகாபாஸ்கலில் வடிவமைப்பார்கள்.

தமிழ்நாட்டில் எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்? ரிப்போர்ட் வந்ததும் எதைப் பார்ப்பது?

கிண்டியில் 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான சிப்பெட், பிளாஸ்டிக் சோதனைக்குப் பழைய, தெரிந்த முகவரி. தனியார் ஆய்வகங்களும் உண்டு. ஆய்வகங்களுக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கும் அதே சோதனை முறைக்கு இருக்கிறதா என்று அங்கீகாரப் பட்டியலில் பாருங்கள். காம்போசிட் அமுக்கத்துக்கு எல்லா இடத்திலும் ஃபிக்ஸ்சர் (துண்டைப் பிடிக்கும் அமைப்பு) இருக்காது.

ரிப்போர்ட்டில் முதலில் சராசரியைப் பார்க்க வேண்டாம். சோதனை முறையும் அது வெளியான ஆண்டும், துண்டின் அளவு, வேகம், வெப்பநிலை, ஈரப்பதம், நீட்சியை எதனால் அளந்தார்கள், ஒவ்வொரு துண்டின் தனி மதிப்பு, எங்கே முறிந்தது ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைவரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். முறிந்த துண்டுகளையும் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலான ஆய்வகங்கள் கேட்டால் கொடுத்துவிடும், கேட்காவிட்டால் கொஞ்ச நாளில் குப்பைக்குப் போய்விடும்.